பழம் என்று பேர் வைத்தவன்

"இங்க துடைப்பம் யாரு?"

சர்வர் அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். சட்டையின் தோள் இரண்டும் மழையில் நனைந்திருந்தன. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு துளி இறங்கி இமையோரம் நின்றது... விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல.

"நான்தான். ஆனா அது என் பேர் இல்ல, என் ஸ்கிரிப்டோட பேர்," என்றாள் அவள்.

அந்தப் பயிற்சி நிலையத்தில் பெரிய சர்வர் ஒன்றுதான். அதற்குள் தேவைக்கேற்பச் சின்னச் சின்ன மெய்நிகர்க் கணினிகளை உருவாக்குவதும், வேலை முடிந்ததும் அழிப்பதும் அவள் பொறுப்பு. அழிக்கும் கட்டளைகளை எழுதிவைத்த ஷெல் ஸ்கிரிப்டுக்குத் துடைப்பம் என்று பேர் வைத்தாள். அலுவலகம் அந்தப் பேரை அவளுக்கே வைத்துவிட்டது.

"உங்க துடைப்பம் என் பசங்களோட மெஷினை எல்லாம் பெருக்கித் தள்ளிடுச்சு. கீழ பரீட்சைக்கு வந்து உக்காந்திருக்காங்க. திரையில ஒண்ணுமே இல்ல."

"மெஷினுக்கு உரிமையாளர் யாருன்னு குறிச்சீங்களா?"

"...இல்ல."

"அப்போ தப்பு உங்க மேல."

சத்தம் கேட்டு வந்த நிர்வாகியும் அதையே பிடித்துக்கொண்டார். இவ்வளவு அலட்சியமா இருந்தா எப்படி, இந்த மாசத்தோட சரி, கிளாஸுக்கு வேற இடம் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கோபத்தில் சிவந்திருந்த அவன் கண்கள் சட்டென்று வாடிப்போயின. அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"உக்காருங்க," என்றாள். "பரீட்சைக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுப்பிடலாம்."

"ஒவ்வொண்ணா இன்ஸ்டால் பண்ணவே பொழுது போயிடுமே?"

"யாரு ஒவ்வொண்ணா பண்றா? இது கிளவுட் இமேஜ். ஏற்கெனவே தயாரா இருக்குற சிஸ்டம். இதை அடியில வெச்சுட்டு, பசங்க ஒவ்வொருத்தருக்கும் மேல ஒரு மெல்லிசு ஏடு மாதிரி போட்டுடுவேன். பேரும் உள்ள நுழையற சாவியும் ஒரு சின்னக் கோப்புல குடுத்தா போதும். எழுந்திருக்கும்போதே அதைப் படிச்சுட்டு எழுந்திருக்கும்."

விரல்கள் விசைப்பலகையில் ஓடின. அவன் குனிந்து திரையைப் படித்தான். பக்கத்தில் திறந்து கிடந்த துடைப்பத்தையும் படித்தான். ஒரு வரியில் அவன் பார்வை கொஞ்சம் தங்கியது.

"பேர் என்ன வைக்க? நீங்க வெச்சிருந்த மாதிரியே பழம் ஒண்ணு, பழம் ரெண்டா?"

"வேணாம்... மாணவர்னு வைங்களேன்."

ஸ்கிரிப்டை ஓட்டினாள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு பேராக எழுந்து வந்தது. கீழே வகுப்பில் கைதட்டல் கேட்டது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்ணில் தொடங்கித்தான் உதட்டுக்கு வந்தது... அதை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் வகுப்பு முடிந்ததும் மாடிக்கு வந்தான். ஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளத்தானாம். இவளுக்கும் மாலை ஆனால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது நீளும். வீட்டில் சாப்பிடும்போது அக்கா தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"அவர் சொன்னாரு, அவர் சிரிச்சாரு... யாருடி அந்த அவர்?"

"வாத்தியார்க்கா. சும்மா... வேலை விஷயம்."

"வேலை விஷயத்துக்கு எதுக்குடி காது சிவக்குது?"

மாதக் கடைசி நெருங்கியது. அவன் போக இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தாள். மெஷின்கள் மறுபடி அழியாதபடி பாதுகாப்பு வைத்துவிட்டால் நிர்வாகியிடம் பேசிப் பார்க்கலாம் என்று துடைப்பத்தைத் திறந்தாள். ஒரு வரியில் உறைந்துபோனாள்.

கழித்துக்கட்ட வேண்டிய மெஷின்களின் பேருக்கு முன்னால் 'பழைய' என்று சேர்ப்பது அவள் வழக்கம். ஸ்கிரிப்டில் சுருக்கமாக, 'பழ' என்று தொடங்கும் எல்லாவற்றையும் அழி என்று எழுதியிருந்தாள். பழையதும் போயிற்று. பழமும் போயிற்று. உரிமையாளர் பேரைக் குறித்திருந்தாலும் போயிருக்கும்.

தப்பு அவனுடையது இல்லை... இவளுடையது. பழம் வேணாம் என்று அன்றைக்கே சொன்னானே. அப்படியென்றால் அவனுக்குத் தெரியும்.

வரியைத் திருத்திவிட்டு, நிர்வாகியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். நிர்வாகி நன்றாகத் திட்டினார். பிறகு, "அந்தப் பையனை இங்கயே இருக்கச் சொல்லு," என்றார்.

அவன் வகுப்பில் தனியாக நின்று கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலில் மழை சரமாய் இறங்கியது.

"நீங்க எங்கயும் போக வேணாம். நிர்வாகிகிட்ட சொல்லிட்டேன்," என்றாள். "தப்பு என் ஸ்கிரிப்ட்லன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும். ஏன் மறைச்சீங்க? பாவம், போகட்டும்னா? வேலையில யாரும் எனக்குப் பாவம் பாக்க வேணாம். இடையில இன்னொருத்தர் மெஷின் போயிருந்தா?"

"போகாதுன்னு நெனச்சேன். ஆனா சொல்லாம இருந்தது தப்புதான்... மன்னிச்சிடுங்க."

"அப்போ ஏன்?"

அவன் கேபிளைக் கீழே வைத்தான்.

"சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை. திருத்திட்டு, சரி கிளம்புங்கன்னு சொல்லியிருப்பீங்க. உங்க பக்கத்துல உக்கார எனக்கு ஒரு காரணம் வேணும்ல... உங்களை எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு."

கொண்டுவந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"எனக்கும்... உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. இனிமே நான் தப்பு பண்ணினா மொதல்ல நீங்கதான் சொல்லணும்."

"சரி. இப்பவே ஒண்ணு சொல்லவா?"

"சொல்லுங்க."

"பிடிச்சிருக்குன்னு டைல்ஸைப் பாத்துச் சொல்றீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது... அழுகையும் வந்தது. தலையை நிமிர்த்தி, அவன் கண்களைப் பார்த்து, அதே வார்த்தையை இன்னொரு தடவை சொன்னாள்.