பன்னிரண்டாவது பெயர்

லேப்டாப்பின் அந்தத் துளைக்குள் ஒரு மெமரி கார்டுக்கு மேல் போகாது. ஆனாலும் திரையில் இரண்டாம் எண் விழுந்திருந்தது.

தன் தவறாகத்தான் இருக்கும் என்று தேவிகா நினைத்தாள். எதற்கும் அவள் முதலில் நினைப்பது அதைத்தான். பகலில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வேலை, சாயங்காலம் வகுப்பு. மிச்ச நேரத்தில், உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், மெமரி கார்டோடு பேசுகிற டிரைவர் நிரலைத் திருத்திக்கொண்டிருப்பாள். இதுவரை அனுப்பிய ஐந்து திருத்தங்களில் மூன்று திரும்பி வந்திருந்தன.

இந்தக் கார்டு ஜெயபிரகாஷ் சாருடையது. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் திருவேட்டக்குடிக் கடற்கரையில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எடுத்தவர். டிசம்பர் மாதத்து அந்தக் காலையில் பன்னிரண்டு பேரையும் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்திருக்கிறார். கேமராவை வைத்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனவர், திரும்பி வரும்போது கடற்கரையே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கார்டை அவர் திறக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. போன மாதம் அவர் இறந்த பிறகு அவருடைய மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

பன்னிரண்டு பேரில் தேவிகாவின் அண்ணன் அஷ்வினும் ஒருவன். ஆறு வயது. வீட்டோடு ஆல்பமும் போய்விட்டதால் அவன் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மா பங்கஜவல்லி போன வாரம் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "அவன் மூக்கு எப்படி இருக்கும்னு மறந்துபோச்சுடி. ராவெல்லாம் நெனைச்சுப் பாக்குறேன். வரமாட்டேங்குது."

கடையில் இருந்த எந்தக் கருவியும் அந்தக் கார்டைப் படிக்கவில்லை. அது வேறு காலத்துக் கார்டு. அப்போதெல்லாம் ஒரே கம்பியில் பல கார்டுகள் தொங்கும். கம்ப்யூட்டர் பொதுவாக ஒரு கேள்வி கேட்கும்: யார் இருக்கிறீர்கள்? ஒரு கார்டு தன் பெயரையும், தான் உண்டான மாதத்தையும் வருடத்தையும் சொல்லும். அதற்கு ஓர் எண் கொடுத்து ஓரமாக இருக்கச் செய்துவிட்டு மறுபடி கேட்கும்: வேறு யார்? பதில் வராதபோது கேள்வி நின்றுவிடும். கெர்னலிலிருந்து என்றோ நீக்கிவிட்ட அந்தப் பழைய முறையை அவள் மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். கார்டு பழுதாகியிருந்தது, பதில் சொல்லத் தாமதித்தது. அதனால் காத்திருக்கும் நேரத்துக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டாள். திருத்தங்களைப் பார்க்கும் வெளிநாட்டுக்காரர் இதற்காகத்தான் மூன்றாவது முறை திருப்பி அனுப்பியிருந்தார்: "பதில் இல்லையென்றால் கேள்வியை நிறுத்தத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஏற்க மாட்டேன்." ஏற்காவிட்டால் போகட்டும், தன் லேப்டாப்பில் மட்டும் ஓடட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் ஞாயிறு, மதியம் மூன்று மணி. காலையிலிருந்து விடாத மழையில் கரண்ட் போய், அரசு கட்டிக்கொடுத்த அந்தச் சின்ன வீட்டின் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்து, ஜன்னல் வெளிச்சம் தரைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே செத்துப்போய், ஒரு மைலுக்கு அப்பால் இருக்கவேண்டிய கடல் எதிர் வீட்டுக் கொல்லையில் இரைவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் எண் கார்டுக்குப் போயிற்று. படம் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. நான்கு சதவீதம். பாதியில் விட்டால் இந்தக் கார்டு இன்னொரு தடவை உயிர் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் எண்ணுக்கு எதிரே பெயர்: ALLI. மாதம், வருடம்: 12/2004.

"அல்லியா?" என்று அவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "யாருடி சொன்னா அந்தப் பேர? எதுத்தாப்புல இருந்துச்சே, காது குத்தி மூணு நாள்கூட ஆவல. அஷ்வின்கூட டியூஷன் போவும்."

"ஒண்ணுமில்லம்மா. குப்பை எழுத்து ஏதோ."

வாசலில் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் இல்லை. நனைந்த சின்னக் கால் ஒன்று சிமெண்ட் படியில் அப்பி, பிரிந்த சத்தம்.

மூன்றாம் எண். KATHAM. காத்தமுத்து என்ற பெயரில் ஆறு எழுத்துக்குமேல் இடம் இல்லாமல் வெட்டுப்பட்டது. அதே மாதம், அதே வருடம். படியில் இன்னொரு கால்.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். தெருவில் ஆள் இல்லை. படியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீருக்கு இல்லாத வாடை, பாசியும் சேறும் கலந்து, வெகுநாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல் முகத்தில் வந்து அடித்து, அவளைத் தாண்டி வீட்டுக்குள் போயிற்று. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

திரும்பி வந்தபோது எண் ஆறு. முப்பத்தொரு சதவீதம்.

கேள்வியை நிறுத்தலாம். ஒரு விசை போதும். ஆனால் படமும் அதோடு நின்றுவிடும். அவள் விரல் விசைக்கு மேலேயே நின்றது.

"என்ன பேரெல்லாம் வருது? படி," என்றாள் அம்மா. பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"வேணாம்மா."

"படிடின்னா."

படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அம்மா தலையாட்டினாள். இன்னார் பிள்ளை, இந்த வீடு, மூத்தது, கடைசி. அழவில்லை. ரேஷன் கடை வரிசையில் தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் இருந்தது முகம்.

"நம்மாளு வரலயே?"

"அம்மா, இத நிறுத்திடுறேன். எனக்கு என்னமோ..."

"கைய எடு." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவன் எப்பவுமே கடைசியிலதான் வருவான். சட்ட பட்டன் போடத் தெரியாது. வருவான். கேளு."

எட்டு. ஒன்பது. கூடத்தின் தரையில் ஈரம் படர்ந்தது. ஓரிடத்தில் வட்டமாக. பிறகு இன்னோரிடத்தில். யாரோ நின்று வடிவதுபோல். ஆளைத்தான் காணோம். கட்டிலுக்கு அடியில் சின்னதாக ஓர் இருமல்.

பத்து. பதினொன்று. எழுபத்தெட்டு சதவீதம்.

பன்னிரண்டு.

கார்டுக்கு ஒன்று. பிள்ளைகள் பதினொரு பேர். அதற்குமேல் எண் விழவில்லை. கேள்வி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வேறு யார்? வேறு யார்? பதில் இல்லை. கேள்விக்கு முடிவும் இல்லை. முடிவை எடுத்துவிட்டவள் அவள்தான்.

நூறு சதவீதம்.

படம் திறந்தது. கடல். மணல். நடுவில் வரிசையாகக் காலடிக் குழிகள். வரிசையில் ஒருவரும் இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு பையன், கட்டம் போட்ட சட்டை. அவன் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். பிடரி தெரிந்தது. மூக்கு தெரியவில்லை.

அம்மா திரையைத் தடவினாள். அந்தப் பிடரியை. பிறகு திரும்பி, காலியான கூடத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கடிந்துகொள்கிற குரலில் கேட்டாள்:

"ஏன்டா, நீங்கல்லாம் வந்துட்டீங்க. அவன மட்டும் தனியா விட்டுட்டா வந்தீங்க?"

மழைச் சத்தம். கடல் சத்தம்.

அம்மாவின் முந்தானை அசைந்தது. தொங்கிக்கொண்டிருந்த துணி மெல்ல எழுந்து, ஒரு குழந்தையின் தோள் உயரத்துக்கு வந்து, விறைத்து நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மடிப்பு. இன்னொன்று. பதினொரு இடத்தில் துணி கசங்கிக் குவிந்தது. பதினொரு பிடி. எல்லாம் ஒரே திசையில் இழுத்தன. வாசல் பக்கம்.

தேவிகா கார்டைப் பிடுங்கினாள். துளை காலி. திரையில் பன்னிரண்டு எண்களும் இருந்தன. கேள்வியும் போய்க்கொண்டிருந்தது. லேப்டாப்பை அறைந்து மூடினாள். துணி தளரவில்லை. கொடுத்த எண் கொடுத்ததுதான்.

தாழ்ப்பாள் திறந்துகொண்டது.

"வரேன், வரேன். மெதுவாப் போங்க, வழுக்கும்," என்று அம்மா படியிறங்கினாள். சிரித்துக்கொண்டே.

தெருமுனையில் அவள் அம்மாவை எட்டிப் பிடித்தாள். மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு காலை மண்ணில் ஊன்றினாள். "அம்மா! வேணாம்மா! என்னப் பாரும்மா!"

அம்மா பார்க்கவில்லை. கிழக்கே பார்த்தாள். தெரு முடிகிற இடத்தில் மழை வெள்ளையாக நின்றது. முந்தானை முன்னால் நீண்டு, காற்றில்லாத மழையில், கயிறுபோல் விறைத்திருந்தது.

தேவிகாவின் கையில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

சின்ன விரல்கள். ஊறித் தோல் சுருங்கியவை. அவள் பிடியை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கின. அவசரப்படாமல். இடது கையை விடுவித்தாயிற்று. பிறகு வலது கை.

சுண்டு விரல்.

மோதிர விரல்.

நடு விரல்.