பன்னிரண்டு முறை திரும்பிய பொதி

கொட்டகலைக் கடைத்தெருவில் ஜீவராணி தன் கணினி பழுதுபார்க்கும் கடையைத் திறந்தபோதே வாசலில் ஓர் இளம்பெண் நனைந்த குடையோடு நின்றாள். பக்கத்துப் பெஞ்சில் பத்திநாதன் உட்கார்ந்திருந்தார். கொட்டகலை ஸ்டேஷனில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், மகன் கட்டாரில். தினமும் காலையில், போனில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருவார். அந்த போனுக்கு இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை. அது ஜீவராணிக்கும் தெரியும்.

"உள்ள வாங்க தங்கச்சி. நேத்து போன்ல பேசுனது நீங்கதானே?"

"ஆமாக்கா. நிலக்ஷி. லிந்துலைப் பக்கத் தோட்டம்."

கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். எழுதி முடித்த நிரலை ஓடக்கூடிய ஒரே பொதியாகக் கட்டி, நிறுவனத்தின் கணினிக் களஞ்சியத்தில் இணையம் வழியாக ஏற்ற வேண்டும். அதுவரை அவள் செய்த வேலை வேலையே அல்ல.

"பத்து நாளா ஒண்ணும் ஏறல. பதினோரு தரம் அனுப்பிட்டேன். 'மறுக்கப்பட்டது'ன்னு ஒரே வார்த்தை வருது. இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஏறலன்னா, திங்கக்கிழமையில இருந்து கொழும்புக்கே வந்து தங்கணும், இல்லாட்டி வேலைய விட்டுறணும்னு மேனேஜர் சுகந்தன் சேர் சொல்லிட்டாரு."

"கொழும்புக்குப் போறதுல என்னா கஷ்டம்?" என்றார் பத்திநாதன்.

நிலக்ஷி குடையின் கைப்பிடியையே பார்த்தாள். "அம்மா செத்து ஏழு மாசம் ஆச்சுங்கய்யா. அம்மா இருந்த லயத்துக் காம்பராவுல, அந்த ஒத்த அறையிலதான் இருக்கேன். பூட்டிப் போட்டா தோட்டத்துல வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."



"எப்பத்துல இருந்து ஏறல?" என்றாள் ஜீவராணி.

"மூணு நாள் கொழும்பு ஒபிஸுக்குப் போயிருந்தேன். அங்க ஒரே தரத்துல ஏறுச்சு. வீட்டுக்கு வந்ததுல இருந்துதான். தோட்டத்து இண்டர்நெட் சரியில்லைன்னு ஒபிஸ்ல சொல்றாங்க. எனக்கு அங்க இருக்கிற மதுரன் மேலதான் சந்தேகம். யாருக்கு அனுமதி குடுக்கிறதுன்னு பாக்கிறவரு அவருதான்."

"அவன்தான்!" பத்திநாதன் தொடையில் தட்டினார். "கேஸ் முடிஞ்சுது!"

"நீங்க சும்மா இருங்கண்ணே. கம்ப்யூட்டர கொண்டு வரலியா தங்கச்சி?"

"மழைக்கா. பஸ்ஸும் லேட். எட்டு மணி பஸ்ஸு இந்தப் பத்து நாளாவே இருபது நிமிசம் லேட்டாத்தான் வருது. ஜன்னல்ல இருந்து பாக்குறேனே. காலைச் சங்குகூட லேட்டாத்தான் ஊதுறாங்க. எல்லாமே என்னைய விட்டுட்டு வேற மாதிரி நடக்குற மாதிரி இருக்கு."

பத்திநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ அவரையே திட்டியது போலிருந்தது அவருக்கு. "எட்டு மணி பஸ்ஸா? லேட்டா? அது இந்தக் கடைய எட்டே முக்காலுக்குத் தாண்டும். இன்னைக்கும் அப்பிடித்தான். நான் வேற என்னா வேலை பாக்குறேன், அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்!"

ஜீவராணி மேசை நாட்குறிப்பில் 'இருபது நிமிடம்' என்று எழுதினாள். பிறகு கடைக்கதவைச் சாத்தினாள். "வாங்க, வீட்டுக்கே போவோம்."

அடுத்த பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்ததைப் பிடித்து, தேயிலைக்கு நடுவே ஏறும் படிகளில் மூச்சு வாங்கி நடந்து, வரிசை அறைகளாகக் கட்டிய லயத்தை அவர்கள் அடைந்தபோது உச்சிவேளையாகிவிட்டது. எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். வரிசையாகப் பூட்டிய கதவுகள். இந்த அமைதியில் ஒரு பெண் நாள் முழுவதும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது ஜீவராணிக்கு மனது கனத்தது.

அறை துப்புரவாக இருந்தது. சுவரில் அம்மாவின் படம், அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டக் கடிகாரம். படத்தின் மேல்விளிம்பில் மெல்லிய தூசி. கடிகாரத்தில் தூசி இல்லை.

இணையப் பெட்டி இருட்டு மூலையில் இருந்தது. பத்திநாதன் உற்சாகமாக, பக்கத்து வீட்டு வாசல் ஆணியில் தொங்கிய டோர்ச்சை எடுத்து வந்து அமுக்கினார். எரியவில்லை. பின்மூடியைத் திறந்தார். "ரெண்டு பேட்டரி போடுற டோர்ச்சுல ஒண்ணுதான் இருக்கு. மனுசன் எப்பிடி வெளிச்சம் பாக்கிறது?"

"அது மீனம்மா அத்தையோடது" என்றபடி நிலக்ஷி மடிக்கணினியைத் திறந்தாள். அது முதலில் தேதியும் நேரமும் கேட்டது. அவள் சுவரை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தட்டினாள்.

"ஒவ்வொரு தரமும் கேக்குமா?" என்றாள் ஜீவராணி.

"அணைச்சுப் போட்டா மணி மறந்துரும்க்கா. உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துருச்சு. இண்டர்நெட்டுல இருந்து மணி எடுக்கிறத கம்பெனியில பூட்டி வச்சிருக்காங்க."

"போன் பாத்துப் போடலாமே?"

"என் போன் கொழும்புல இருந்து திரும்பி வர்றப்ப பஸ்ஸுல தொலைஞ்சிருச்சு. இது அம்மாவோட பட்டன் போன். இதுல மணி எப்பவும் தப்பு."

அவள் பொதியை அனுப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: மறுக்கப்பட்டது. பன்னிரண்டாவது தரம்.

"களஞ்சியத்துக்குள்ள இருக்கிறதப் பாக்க முடியுதா?" என்றாள் ஜீவராணி.

"பாக்க முடியுது. வைக்கத்தான் முடியல."

அப்போது பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு மீனம்மா வாசலில் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. "யாரு புள்ள வந்திருக்காங்க? பிளேன்டீ ஊத்தவா?"

"உள்ள வாங்க. உங்ககிட்டயும் பேசணும்" என்றாள் ஜீவராணி. பிறகு நிலக்ஷியிடம் திரும்பினாள். "இப்ப மணி என்னா தங்கச்சி?"

நிலக்ஷி சுவரைப் பார்த்தாள். கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. "பன்னெண்டரை."

"பன்னெண்டு பத்து!" என்று பத்திநாதன் கைக்கடிகாரத்தை உயர்த்தினார். "ரயில்வே மணி. தப்பவே தப்பாது."

ஜீவராணி சுவர்க் கடிகாரத்தை நிலக்ஷிக்குக் காட்டினாள்.

"கடிகாரம் ஐம்பதுன்னு காட்டுது. நீங்க முப்பதுன்னு ஏன் சொன்னீங்க?"

"அம்மா அதை எப்பவும் இருபது நிமிசம் கூட்டி வச்சிருப்பாங்க. காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுக்குப் பிந்திப் போனா அன்னைக்குப் பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்களே. லயத்துல எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான். நான் இருபதைக் கழிச்சுக்குவேன்."

ஜீவராணி மெதுவாகச் சொன்னாள்: "இண்டர்நெட் மோசம்னா பொதி பாதி வழியில நிக்கும். இது வாசல்லயே திரும்புது. மதுரன் பூட்டியிருந்தா உள்ள பாக்கவே விடாது. அப்ப என்னா காரணம்? பொதி போகையில உங்க கம்ப்யூட்டர் அனுப்புற நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைக்குது. களஞ்சியம் தன் நேரத்தோட ஒப்பிட்டுப் பாக்கும். கால் மணிக்கு மேல வித்தியாசம்னா, கள்ளக் கையெழுத்துன்னு திருப்பிரும். பஸ்ஸும் சங்கும் லேட் இல்லை தங்கச்சி. நீங்கதான் இருபது நிமிசம் முந்தி இருந்திருக்கீங்க. இந்தக் கடிகாரம் இருபது இல்ல, நாப்பது நிமிசம் கூட ஓடுது."

"அது எப்பிடிக்கா? அம்மா வச்சதுக்கப்புறம் நான் தொடவே இல்லையே!"

"நீங்க தொடல. தூசி துடைச்ச ஆள் தொட்டிருக்காங்க. டோர்ச்சுல ஒரு பேட்டரி குறையுது." ஜீவராணி திரும்பினாள். "மீனம்மா அக்கா, நீங்க ஒரு தப்பும் செய்யல. சொல்லுங்க."

மீனம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "இந்தப் புள்ள கொழும்புக்குப் போன அன்னைக்கு, வீடு கூட்டி வைப்போம்னு வந்தேன். அவ ஆத்தா குடுத்த சாவி எங்கிட்ட இருக்கு. வந்து பாத்தா கடிகாரம் நின்னு கெடந்துச்சு. புள்ள திரும்பி வந்து, ஆத்தாளோட கடிகாரம் நின்னு கெடக்கிறதப் பாக்கணுமான்னு இருந்துச்சு. டோர்ச்சுல இருந்து பேட்டரிய எடுத்துப் போட்டு, என் வீட்டு மணியப் பாத்து வச்சேன். அவ எப்பவும் இருபது நிமிசம் கூட வப்பாளேன்னு, அதையும் கூட்டி வச்சேன்."

"உங்க வீட்டுக் கடிகாரம்?" என்றார் பத்திநாதன்.

"அதுவும் இருபது நிமிசம் கூடத்தாங்கய்யா."

பத்திநாதன் சிரிக்கப் போனார். நிலக்ஷியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடிக்கணினியின் பக்கத்தில் வைத்தார். அவள் நேரத்தைத் திருத்தி, பதின்மூன்றாவது தரம் பொதியை அனுப்பினாள். திரையில் கோடு மெதுவாக நீண்டது. தோட்டத்து இணையம் தோட்டத்து இணையம்தான். மீனம்மா கொண்டுவந்த தேநீர் ஆறுவதற்குள் கோடு கடைசி வரை போய், 'ஏற்றப்பட்டது' என்று வந்தது.

நிலக்ஷி ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். சரியான நேரத்துக்கு வைப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் முள்ளை இருபது நிமிடம் மட்டும் பின்னால் தள்ளி, அம்மாவின் மணிக்கே வைத்து மாட்டினாள்.

மீனம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள். "தெரியாம செஞ்சுட்டேன் புள்ள. இந்தா, வாங்கிக்க."

நிலக்ஷி ஸ்டூலை விட்டு இறங்கினாள். ஏழு மாதமாக அந்த வாசலை யாரும் மிதிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தவள், சாவியை நீட்டிய மீனம்மாவின் கையை விரல்களோடு சேர்த்து மூடினாள்.

"நீங்களே வச்சுக்கங்க அத்தை. நான் வீட்டுல இருக்கையிலயும் வாங்க."