துணி மூடிய கூடை

ஜூன் 12, வெள்ளி. இன்றைய தவறு: சின்னவளின் கோட்டுக் காலரை இஸ்திரிப் பெட்டியால் கருக்கியது.

எழுதிய பேனா அங்கேயே நின்றது. தவறுதானா?

காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய தவறையும் மறுநாள் வேலையையும் குறித்து வைப்பது, மூத்த மருமகளுக்கு டீச்சர் பயிற்சிக்கான மாலை வகுப்பில் படிந்த பழக்கம். மாமியார் இடுப்பு முறிந்து படுத்ததும் வகுப்பு நின்றது. அவள் விட்ட இடத்தில் சின்ன மருமகள் போய் உட்கார்ந்தாள். “ஒருத்தியாவது படிக்கட்டும்” என்று அனுப்பி வைத்தவளும் இவள்தான்.

அந்தச் சின்னவள் இப்போது ஜப்பானில் கடலுக்கு நடுவே ஒரு குட்டித் தீவுக்கு, இங்கிலீஷ் டீச்சராக, ஒரு வருஷம் போகப் பார்க்கிறாள். அவளுடைய நாலு வயதுப் பெண் அதுவரை பெரியம்மாவிடம் இருக்கும். இன்று காலை, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடியோவில் ஒரு மாதிரி வகுப்பு. தலைமையாசிரியருக்குப் பிடித்தால்தான் வேலை.

“வயித்தெரிச்சலோட இஸ்திரி போட்டா காலர் கருகாம என்ன பண்ணும்?” கூடத்து நாற்காலியிலிருந்து மாமியார் குரல் வந்தது. “ஏம்மா, அவ போட்டுக்கிட்டு உக்கார வேண்டிய கோட்டு… உன் கண்ணுக்கு அதுதான் ஆப்பிட்டுதா?”

“கை தவறிடுச்சு அத்தை…”

“கைதான் தவறிச்சா!”

சின்னவள் “பரவால்லக்கா” என்று மட்டும் சொல்லிக் காலரை உள்பக்கம் மடித்துக்கொண்டாள். உறவுக்குத்தான் இவள் அக்கா. வயதில் அவளே இரண்டு வருஷம் மூத்தவள். ‘நீ’ என்று கூப்பிட இவளுக்கு நாக்கு கூசும். ‘நீங்க’ என்றால் மாமியார் சிரிப்பார். அதனால் இத்தனை வருஷமும் மொட்டையாகவே பேசிப் பழகியிருந்தாள்.

அந்த ‘பரவால்ல’தான் இவளை இன்னும் எரித்தது. சண்டை போட்டிருக்கலாமே!

அடுப்படியிலிருந்து பார்த்தால் கூடம் தெரியும். மேஜை மேல் ஒரு கூடை, அதை மூடிய துணி. மூத்தவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே விட்டாள். அது அவளுடைய விளையாட்டு! பேச்சு வராமல் திக்கிய சின்னவளின் பெண்ணுக்காக, இதே அடுப்படியில் அவள் கண்டுபிடித்தது. கூடைக்குள் கைவிட்டு, தடவிப் பார்த்து, பெயர் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வில் எல்லோரும் மெச்சினார்கள் என்று சின்னவள் சொன்னாளே… இதைத்தானா!

திரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். சின்னவள் கூடைக்குள் கைவிட்டாள். “ஆனியன்” என்று திருத்தமாகச் சொல்லி வெங்காயத்தை எடுத்துக் காட்டினாள். அடுத்து, “ஸ்பூன்.” அதுவும் சரி. பிறகு ஒரு தக்காளியைத் தூக்கிக் காட்டி, “நவ் யூ?” என்று பிள்ளைகளைப் பெயர் சொல்லக் கேட்டாள்.

ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. குனிந்துகொண்டார்கள். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவள் தக்காளியை மறுபடி தூக்கிக் காட்டினாள்.

வேணும்! நல்லா வேணும்! மூத்தவளின் உள்ளே ஏதோ ஒன்று கைகொட்டியது. விளையாட்டைத் திருடியவளுக்கு அதன் உயிர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. முதல் தப்பை டீச்சர் செய்ய வேண்டும். அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பயம் போகும். இன்னும் ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் போதும். தீவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை…

சின்னவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூத்தவள் கூடத்துக்குள் நடந்தாள். கூடைக்குள் கையை விட்டாள். கண்ணை உருட்டி, “ஐயோ! மௌஸ்! மௌஸ்!” என்று அலறிக் குதித்தாள். கையில் ஒரு உருளைக்கிழங்கு!

திரைக்குள் சிரிப்பு வெடித்தது. முன்வரிசைச் சிறுமி எழுந்தே நின்றுவிட்டாள். “நோ! பொட்டேட்டோ! பொட்டேட்டோ!” மற்றவர்களும் கத்தினார்கள். மாமியார்கூட, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தலைமையாசிரியரும் சிரித்தபடி, யார் அது என்று கேட்டார். சின்னவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நிமிர்ந்து, இந்த விளையாட்டு தன்னுடையதல்ல, இவருடையது, தன் மகளைப் பேச வைத்தவர் இவர்தான் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவர் எழுந்து நின்று இவளுக்குத் தலை வணங்கினார். சின்னவளை அடுத்த மாதமே வரச் சொல்லிவிட்டார்.

திரை அணைந்ததும் சின்னவள் இவள் காலைக் கட்டிக்கொள்ளாத குறை. “சொல்லாம எடுத்துட்டேன்க்கா… என்னை நாலு அறை அறைஞ்சுடுங்க!”

“காலரை நான் வேணும்னே கருக்கினேனான்னு எனக்கே தெரியல. பொறாமைதான்… இல்லன்னு சொன்னா பொய்.”

“எனக்கு மட்டும் இல்லன்னு நெனச்சீங்களா? என் பொண்ணு தூக்கத்துல ‘பெரியம்மா’ன்னுதான் உளறுறா! இங்க இருந்து அதைக் கேட்டுட்டே இருக்க முடியலக்கா… அதான் அவ்வளவு தூரம்…”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். “கூடையை ஒதுக்கி வெச்சுட்டு அழுங்கடி, விழுந்துடப்போவுது” என்றார் மாமியார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு மூத்தவளைப் பார்த்து, “காலைல நான் பேசினது தப்பு” என்றார்.

“தினமும் ராத்திரி வீடியோல பொண்ணைக் காட்டுறேன். நீ அழாம பேசணும்” என்றாள் மூத்தவள். ‘நீ’ தானாக வந்தது.

பொறாமை முழுக்கப் போய்விட்டதா? இல்லை. அவள் காலண்டர் தாளை எடுத்து, காலையில் நிறுத்திய இடத்துக்குக் கீழே எழுதினாள்.

நாளைய வேலை: கோட்டுக்குப் புதுக் காலர் தைக்கக் கொடுக்க வேண்டும். சின்னவளைத் தப்பாகச் சொல்லப் பழக்க வேண்டும்.