இடது கால் வளையம்

“வலது கால்ல இல்லக்கா. எடது கால்ல கெடக்கு.”

“நல்லாப் பாருட்டி. மல்லாக்கப் பிடிச்சிருக்கல்லா, அதான் மாறித் தெரியுது.”

“நேத்து ஒரே நாள்ல நாப்பது குருவிக்குப் போட்டவ நான். எனக்கு எடது வலது தெரியாதாக்கும்?”

சபிதா கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு சின்னான் குருவி மல்லாந்து கிடந்தது. அதன் கழுத்து அவளுடைய ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே இருந்தது. நசுங்கவும் இல்லை, நழுவ வழியும் இல்லை. அப்படிப் பிடித்துவிட்டால் எந்தப் பறவையும் சிறகடிக்காது. செத்ததுபோல் கிடந்து கண்ணை மட்டும் உருட்டும். விடுமுறைகளில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிப் பழகிய சபிதாவின் விரல்களுக்கு இந்தப் பிடி முதல் நாளே வந்துவிட்டது.

ஷைலா குனிந்து பார்த்தாள். குருமலை மேட்டில் ஏழு வலைகள் கட்டி, விழும் பறவைகளின் வலது காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி, அளந்து, எடை போட்டுப் பறக்கவிடுவதற்குத்தான் எபநேசர் சாரோடு அவர்கள் இருவரும் தன்னார்வமாக வந்திருந்தார்கள். மூன்று நாள் முகாமில் இது இரண்டாம் நாள் விடியல். சின்னானின் காலில் கிடந்தது அலுமினியம் இல்லை. கரிசல் மண். உருட்டிக் காயவைத்தது, கல்லாக இறுகி, ஊசியால் கிழித்தாற்போல் நுண்ணிய கோடுகளோடு இருந்தது. இணைத்த இடமே தெரியவில்லை. நகத்தால் தள்ளினாள். வழுவழுவென்று காலைச் சுற்றி வந்தது. பாதத்தைத் தாண்டி வரவில்லை.

“சுழலணும், கழலக் கூடாது. சார் சொல்லித் தந்த அதே அளவுக்கா,” என்றாள் சபிதா. “யாரு போட்டிருப்பா?”

மலையில் கரிசல் கிடையாது, பாறையும் செம்மண்ணும்தான். கரிசல் கீழே, காற்றாலைகள் நிற்கும் மக்காச்சோளக் காடுகளில் கிடந்தது. ஷைலா திரும்பினாள். மடக்கு மேசைக்குப் பின்னால் எபநேசர் சார் எடைக்கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பூட்ஸில் விளிம்புவரை கரிசல் அப்பிக் காய்ந்திருந்தது.

“சார், இதப் பாத்தீங்களா?”

கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவர் அவர். பறவையைப் பார்க்க வேண்டியவர், வெகுநேரம் ஷைலாவின் முகத்தையே பார்த்தார்.

“வெளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கும்மா,” என்றார்.

அவ்வளவுதான். சின்னானை வாங்கி அதன் வயிற்றில் மெல்ல ஊதினார். இறகுகள் இரு பக்கமும் விலகின. தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. எவ்வளவு கொழுப்பு என்று குறித்துக்கொண்டார். மறுபடியும் ஊதினார்.

“புதுசா வலையில மாட்டுனத சீக்கிரம் விட்டுரலாம். வளையம் போட்டது திரும்ப மாட்டுனா அதுதான் நமக்குப் பொன்னு. கையிலயே வச்சு நிதானமாப் பாக்கணும்.”

அன்றைக்கு மேலும் நான்கு பறவைகள் அப்படி வந்தன. நான்கும் ஏழாம் வலையில் விழுந்தவை, நான்கும் இடது கால். ஒவ்வொரு முறையும் சார் ஷைலாவை நிமிர்ந்து பார்த்தார். மண்ணைச் சுமந்து வந்த கால் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். செய்தவரே நம்மைப் பார்த்து முறைக்கிறாரே, இது என்ன தந்திரம் என்று யோசித்தபடி அவள் வளையங்களைக் கோத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் சபிதா பின்னங்கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தாள். “எரியுதுக்கா. என்னான்னு பாருங்க.”

ஷைலா முடியை விலக்கினாள். கழுத்தோரம் ஒரு பொட்டு அளவுக்கு முடி இல்லை. வேரோடு பிடுங்கியிருந்தது. சோதனைக்காகப் பறவையிடமிருந்து அவர்கள் இறகு எடுப்பதும் அப்படித்தான். சுத்தமாக, ஒரே இழுப்பில்.

“எறும்பு கடிச்சிருக்கும்,” என்றாள்.

அவர்கள் தங்கிய தகரக் கொட்டகையின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சார் வாசலுக்கு வெளியே கட்டிலில் படுப்பார். ஷைலா தண்ணீர் டிரம்மை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சபிதாவைச் சுவரோரம் தள்ளிப் படுக்கவைத்தாள். புறப்படும்போது சபிதாவின் அம்மா ஸ்டெல்லாமேரி பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னது காதிலேயே நின்றது. “ஒன்னைய நம்பித்தான் விடுதேன் ஷைலா. அவ கள்ளமில்லாத பிள்ள.” வெளியே சாரின் இருமல் கேட்டது, கட்டில் கிறீச்சிட்டது, பிறகு தகரத்தின்மேல் யாரோ விரலால் தடவிக்கொண்டு போவதுபோல் நீளமாக ஒரு சத்தம், அதற்கும் பின்னால் ஈர மண் வாசம், மழை பெய்து ஒரு மாதமாகியும், முதல் மழை விழுந்த கரிசலில் எழும் அந்தக் கனத்த வாசம். அவள் விழித்தே இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தபோது டிரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

“அக்கா.”

சபிதா ஷூ மாட்டுவதற்குக் காலை நீட்டியிருந்தாள். இடது கணுக்காலில் கறுப்பு வளையம். ஷைலா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சுழன்றது. கழலவில்லை.

அவர்களை இறக்கிப்போக ஜீப் வர மணி பத்தாகும். மேட்டில் போனுக்கு சிக்னல் இல்லை. அதுவரை இந்தப் பெண் அந்த ஆளின் கண்ணில் படக் கூடாது. அது ஒன்றுதான் ஷைலாவுக்குத் தோன்றியது.

“நீ ஏழாம் வலைக்குப் போ. அதச் சுருட்டிட்டு அங்கனயே இரு. நான் வந்து கூப்பிடுத வரைக்கும் எறங்காத.”

“தனியாவா? வலைக்கு ரெண்டு பேராத்தான் போகணும்னு சார்...”

“சொன்னதச் செய்யிட்டி!”

வெளியே சார் இன்னும் போர்வைக்குள் கிடந்தார். சபிதா அவரைத் தாண்டிப் போனாள். பனிமூட்டம் அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டரை முதலில் மங்கலாக்கி, பிறகு மூடிவிட்டது.

அதற்குள் எபநேசர் சார் எழுந்து கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஷைலா நேராக அவர்முன் போய் நின்றாள்.

“அந்தப் பிள்ள கால்ல என்ன சார் மாட்டியிருக்கீங்க?”

அவர் இடது பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸை உருட்டி இறக்கினார். கணுக்காலில் கறுப்பு வளையம். அதைச் சுற்றிலும் கத்தி கீறிய காயங்கள்.

“நேத்துக் காலையில எந்திரிக்கையில கெடந்துச்சும்மா. அறுத்துப் பாத்தேன், கத்தி ஏறல. நீங்க ரெண்டு பேரும் வம்புக்குப் பண்ணுதீங்கன்னு நெனச்சேன்.” தலையைத் திருப்பிப் பின்னங்கழுத்தைக் காட்டினார். நரைமுடிக்கு நடுவே சிவப்பாக ஒரு பொட்டு.

“அப்ப ஒங்க பூட்ஸ்ல கரிசல்...”

“கீழ மோட்டார்ல தண்ணி பிடிக்கப் போனேன்லா.”

ஷைலா ஓரடி பின்னால் வைத்தாள். அவளுடைய இடது சாக்ஸுக்குள் ஏதோ சுழன்றது.

“சபிதா எங்கம்மா?” என்றார் சார்.

ஓடினாள். கல் சறுக்கியது. முள் கிழித்தது. ஒன்றாம் வலை, காலி. மூன்று, காலி. இந்த நேரத்துக்குக் காடே கத்தும். மயில் இல்லை. தவிட்டுக்குருவி இல்லை. ஒன்றுமே இல்லை. அவள் மூச்சு மட்டும். ஈர மண் வாசம். ஆறாம் வலை.

ஏழு.

இரண்டு கம்புகள் நின்றன. நடுவே வலை பாதி சுருட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ஷூ.

ஷைலா நிமிர்ந்து பார்த்தாள்.

கம்பின் நுனிக்கும் மேலே, பனிமூட்டத்துக்குள், சபிதா மல்லாந்து கிடந்தாள். கைகள் உடம்போடு மடங்கி ஒட்டியிருந்தன. கழுத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆள் தொடைப் பருமனில், கறுப்பாக, இரண்டு விரல்கள். மடங்கும் இடத்தில் கோடைக் கரிசல்போல் வெடித்திருந்தன. நசுக்கவில்லை. நழுவவும் விடவில்லை.

சபிதா துள்ளவில்லை. கண் மட்டும் உருண்டது. ஷைலாவைத் தேடிப் பிடித்தது.

காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. மேலேயிருந்து ஈர மண் வாசத்தோடு மெல்ல ஓர் ஊதல் இறங்கியது. சபிதாவின் முடி இரு பக்கமும் விலகியது. மண்டைத்தோல் வெள்ளையாகத் தெரிந்தது. ஊதல் நின்றது. பிறகு மறுபடியும் வந்தது. நிதானமாக.

“அக்கா...” உதடு மட்டும் அசைந்தது. “என்னைய விட்டுரச் சொல்லுங்கக்கா.”