வண்டியில் விட்டது

மழைக்காலத்தில் கேம்பர் வேனை யாரும் வாடகைக்குக் கேட்கமாட்டார்கள். க்யிம்யிண்டைங் என்ற ஆற்றங்கரைப் பேட்டையில் சகாயராஜ் குடியிருந்த தெருவில் நிறுத்த இடமும் கிடையாது. அதனால் ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே போகும் சாலையோரத்து முகாம் திடலில் அதை விட்டுவிட்டுப் படகில் திரும்புவது அவனுடைய வழக்கம். பழைய ஜப்பான் மினிபஸ்ஸுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து அவனே கட்டிய வண்டி. இந்த முறை மனைவி ஷீபாவும் ஆறு வயது மகள் ஆன்மேரியும் கூட வந்திருந்தார்கள்.

திடலில் ஈ காக்கை இல்லை. கூடார மேடைகளில் பாசி ஏறியிருந்தது. காவலுக்கு டோ அம்சவேணி மட்டும் இருந்தார். பர்மிய வழக்கில் மூத்த பெண்ணுக்கு டோ, இளையவளுக்கு மா. அப்பா தமிழர், அம்மா பர்மியர்; தமிழ் கொஞ்சம் தடுக்கித்தான் வரும். சாவியை வாங்கிக்கொண்டவர் ஷீபாவின் கையைப் பிடித்தார்.

"மா ஷீபா, வண்டிக்குள்ள பாத்து புள்ளயக் கூப்புடு. 'வீட்டுக்குப் போலாம் வா'ன்னு சொல்லு. இல்லேன்னா லெய்ப்யா இங்கயே தங்கிடும்."

லெய்ப்யா என்பது உடம்பை விட்டுவிட்டு உலாவப் போகும் உயிர். பர்மியர்களுக்கு அது ஒரு பட்டாம்பூச்சி. ஷீபாவோ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள்.

"புள்ள என் கையிலதான இருக்கா ஆன்ட்டி," என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் ஆன்மேரி எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் கையை விரித்தார். மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் என்றால் உயிரை விடுகிற பிள்ளை, கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் நைந்த துணியாகக் கிடந்தாள். கண் திறந்திருக்கும், பார்வை மட்டும் எங்கோ இருக்கும்.

ஷீபா முழங்காலில் நின்று ஜெபித்தாள், பாதிரியாரை வரவழைத்தாள். பிள்ளை போய்விடுவாள் என்று பயந்து, ஒரு மத்தியானம் மகளைக் கணவனிடம் விட்டுவிட்டுத் தனியாகப் படகேறினாள். ஆண்டவர் கோபித்துக்கொண்டால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திடலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டோ அம்சவேணி வண்டிக்குச் சற்று முன்பாகவே நின்றுவிட்டார்.

"நான் வரல. உள்ள ஏதோ நடக்குது, கேக்குது. நீ புள்ள பேரச் சொல்லித்தான் கூப்புடணும். பேரு இல்லாம கூப்புடாத. பதில் வந்தா திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போ."

ஷீபா கதவைத் திறந்தாள். பூஞ்சண வாடை. அதற்கடியில் ஆற்றுச் சேற்றின் நாற்றம். திரைகள் இழுத்து மூடியிருந்ததால் பகலிலேயே உள்ளே இருட்டு. படுக்கையில் போர்வை மேடாக இருந்தது.

அவள் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை.

சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துத்தான் வந்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பாப்பா... வீட்டுக்குப் போலாம் வாம்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பிறந்த நாளிலிருந்து அவள் மகளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. பாப்பா என்றால் எந்தப் பிள்ளையும் பாப்பாதான்.

போர்வை அசைந்தது.

"வரேம்மா."

மகளின் குரலேதான். ஷீபா உடைந்து அழுதாள். மறுபடி பெயர் சொல்லி அழைத்திருக்கலாம். ஆனால் வந்த குரலை இழக்க அவளுக்கு மனமில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பின்னால் சேற்றில் சின்னப் பாதங்கள் சளக் சளக்கென்று வந்தன.

படகில் அவள் பக்கத்துப் பலகை நனைந்துகொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கதவைத் திறந்த சகாயராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான், நீ கதவத் தட்டுனதும் எந்திரிச்சிட்டா ஷீபா! பசிக்குதுன்னு மொஹிங்கா கேக்குறா."

ஆன்மேரி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஷீபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிரவு மகளை அணைத்தபடி அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

காலையில் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டோ அம்சவேணிதான்.

"மா ஷீபா, புள்ளயக் கூட்டிட்டுப் போகலியா நீ?"

"கூட்டிட்டு வந்துட்டேன் ஆன்ட்டி. நல்லாயிட்டா. இதோ என் பக்கத்துல சாப்புடறா."

"அப்ப இங்க யாரு? நீ போனதும் நான்தான் வண்டியப் பூட்டினேன். விடிஞ்சதுலேந்து உள்ள கதவத் தட்டுது. 'அம்மா, என்ன விட்டுட்டுப் போகாத'ன்னு ஒம் புள்ள கொரல்ல அழுவுது."

ஷீபாவின் கை பாதியில் நின்றது. போனுக்குள் மழைச் சத்தம். அதற்கும் அப்பால் தகரத்தைத் தட்டும் சின்னக் கையின் சத்தம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை மெல்வதை நிறுத்தியது.

"போன வச்சிடும்மா," என்றது. "நீ கூப்புட்டதுக்கு நான்தான வந்தேன்."