நாலாவது துணி

"கிழிக்காதீங்க! அது மாப்பிள்ளைக்கு..."

"தொடைக்கத் துணி இல்லடி பேச்சி, கத்தாத!"

"...பதினாறாம் நாளு படையலுக்கு எடுத்த கோடி வேட்டிங்க! செத்தவருக்கு இன்னும் வச்சுக் கும்புடல!"

"உள்ள ஒம் மகளுக்குப் புள்ள குறுக்க கெடக்கு. மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. ஒம்பது மைல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா தாங்குவாளா? இந்த லாரி ஓடலன்னா அவளுக்கும் சேத்துத்தான் கோடி எடுக்கணும்."

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இராமையா வேட்டியை நாலாகக் கிழித்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. பதினைந்து நாளைக்கு முன் மருமகன் அழகுமுத்து தோட்டத்து லாரியோடு ஆற்றுப் பள்ளத்தில் விழுந்து செத்தான். மேலே இழுத்து வந்த அந்த லாரியின், தண்ணீர் புகுந்து துருவேறிய நாலு சிலிண்டர்களையும் இராமையா கடைந்து, சாணைக்கல்லால் தேய்த்து முடித்திருந்தார். கல்தூள் துளி தங்கினாலும் ஏற்றத்தில் எஞ்சின் இறுகிவிடும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடைக்க வேண்டும்.

மூன்று துணிகள் வெள்ளையாக வந்தன.

நாலாவது சிவப்பாக வந்தது.

"ரத்தமாங்க?"

முகர்ந்து பார்த்தார். வெற்றிலை. அழகுமுத்து ஓயாமல் மென்ற வெற்றிலை.

சிலிண்டருக்குள் விரலை விட்டார். கொட்டகை முழுக்கப் பனிக்குளிர். உள்ளே மட்டும் வாயைப்போலச் சூடாக, ஈரமாக இருந்தது.

விரலை மெல்லச் சப்பியது.

"கைய எடுங்க..."

"வேற துணி குடு."

"அம்புட்டுந்தாங்க."

வீட்டுக்குள் மகள் பூரணி அலறினாள். இராமையா அந்தச் சிவப்பின்மேலேயே பிஸ்டனை இறக்கினார்.

மறுநாள் மத்தியானம் எஞ்சினைப் பூட்டி முடித்தார். பூரணியைக் கம்பளியோடு லாரியின் பின்புறம் ஏற்றி, பேச்சியம்மாள் மடியில் தாங்கிக்கொண்டாள். சுழற்றிக் கிளப்பும் கம்பியோடு இராமையா முன்னால் குனிந்தார்.

கம்பியை மாட்டும் முன்பே எஞ்சின் ஓடத் தொடங்கியது.

"அம்மா... அவரு வந்துட்டாரா?"

"அப்பாதாண்டி ஓட்டுறாரு. பேசாம படு."

மூடுபனிக்குள் லாரி இறங்கியது. இராமையாவின் பக்கத்தில் ஆளில்லை. ஆனாலும் வெற்றிலை வாசனை கனத்துக்கொண்டே வந்தது.

மலைத் திருப்பத்தில் ரோடு பிரிந்தது. வலப்பக்கம் டிக்கோயா ஆஸ்பத்திரி. இடப்பக்கம் அழகுமுத்து விழுந்த பள்ளம்.

இராமையா வலப்பக்கம் ஒடித்தார். ஸ்டியரிங் அசையவில்லை. பிரேக்கை மிதித்தார். வேகம் கூடியது.

அவர் பிடிக்குள்ளேயே ஸ்டியரிங் இடப்பக்கம் வளைந்தது.

"மாப்பிள்ளை..." இரு கையாலும் வலப்பக்கமே இழுத்தார். "ஆஸ்பத்திரி அந்தப் பக்கங்க."