குணமானோர் வண்டி

சுவருக்கும் காது உண்டு என்பது மற்ற ஊர்களில் பழமொழி. ஏழுமுனையில் அது நகராட்சித் தீர்மானம். குளிர்மனைக் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும், வாசலுக்கு எதிர்ச்சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு சல்லடையைப் பதித்திருந்தார்கள். நகராட்சி அதற்கு வைத்த பெயர் மூச்சுமானி. ஜனங்கள் வைத்த பெயர் சுவர்க்காது. தினமும் காலையில், விடிந்ததிலிருந்து சங்கு ஊதுவதற்குள், வீட்டிலுள்ள நோயாளி அதன் முன்னால் நின்று மூச்சு விட வேண்டும். வேண்டுமானால் இருமலாம்.

அன்று காலையும் ஜெனோவாவின் வீட்டுச் சுவர்க்காதின் முன்னால் ஒருவர் குனிந்து நின்று இருமிக்கொண்டிருந்தார். அவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர் இல்லை.

தொம்மை அண்ணன் கடைசி வீட்டுக்காரர், தனி ஆள். ஆயுசெல்லாம் உப்பளத்தில் தூளை உள்ளிழுத்த நெஞ்சு அவருடையது. இருமும்போது கொட்டாங்கச்சியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வரும். இரண்டு முறை குலுங்கினார். சல்லடைக்கு மேலிருந்த விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, பிறகு நல்ல சிவப்பாக நின்றது.

"போதுமா பிள்ள, இன்னொண்ணு போடவா?"

"போதும்ணே. உக்காருங்க, டீ ஆறுது."

"ஆறட்டும். சீதனத்துல கொற வைக்கலாம், நோயில கொற வைக்கப்படாது" என்று சொல்லி இன்னொரு முறை இருமிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

உள்ளறையில் ஜெனோவாவின் மகள் அமலி கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். இத்தனை குதித்தும் அவள் மூச்சில் ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. போன வருடம் இந்தப் பிள்ளையைத்தான் துணிமூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு ஜெனோவா இங்கே வந்தாள். அப்போது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கடல்தண்ணீர்க் குழாய் ஓடுகிற தடித்த சுவர்கள், கூப்பிடு தூரத்தில் மருத்துவ நிலையம், வாசலுக்கே வரும் மருந்து வண்டி, வெயிலில் நடக்காமல் போகிற பள்ளிக்கூடம் எல்லாமாகச் சேர்ந்து பிள்ளையைத் தேற்றிவிட்டன. வேறு ஊராக இருந்தால் தாய் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள். ஜெனோவா அன்றாடம் தொம்மை அண்ணனைக் கூப்பிட்டு இருமச் சொன்னாள்.

ஏனென்றால் குளிர்மனை நோயாளிகளுக்கு மட்டும்தான். குணமானவர்கள் காலி செய்துகொண்டு உப்பளத்துக்கு அப்பால் இருக்கும் வெயில் வரிசைக்குத் திரும்ப வேண்டும். தகரக் கொட்டகைகள் நிற்கிற வரிசை அது. பிள்ளைக்கு இழுப்பு வந்ததே அங்கேதான். நோய் எங்கே வந்ததோ அங்கேயே ஆரோக்கியத்தைத் திருப்பி அனுப்புகிற ஏற்பாட்டைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீடுகள் கொஞ்சம், சாகக் கிடக்கிறவர்கள் நிறைய. டாக்டர் சான்றிதழை விலைக்கு வாங்கியவர்கள் முன்பு குளிர்மனையில் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள் என்பதால்தான் மனிதர்களை விட்டுவிட்டுச் சுவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

முதலில் அந்தச் சுவர் நாள் முழுவதும் கேட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட நகராட்சிக்குத் தெரிகிறது என்று ஜனங்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதன் பிறகு ஆளறியாத் தீர்மானம் வந்தது. காலையில் மட்டும் கேள், மூச்சை மட்டும் கேள், யார் மூச்சு என்று கேட்காதே என்று யந்திரத்தின் காதைத் திருகி வைத்தார்கள். திருகிய இடத்தில் ஒரு சந்து விழுந்தது. அந்தச் சந்தில்தான் தொம்மை அண்ணன் நுழைந்து வீடு வீடாகப் போய்வந்தார். பிள்ளை தேறிவிட்ட வீடு, கணவன் எழுந்து நடமாடுகிற வீடு என்று எல்லா இடத்திலும் அவருக்கு டீயும் ஆப்பமும் காத்திருந்தன. "என் இருமலுக்கு இருக்குத மரியாதை எனக்கு என்னைக்கும் இருந்ததில்ல" என்று அவரே சிரிப்பார்.

அவர் ஊருக்கெல்லாம் இருமி முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும், தன் வீட்டில் இரும நேரமும் மிஞ்சாது, இருமலும் மிஞ்சாது. காலையில் மூச்சே கேட்காத வீட்டை யந்திரம் காலி என்று முடிவுகட்டிவிடும். அதனால் ஜெனோவா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அங்கே போவாள். பெருக்கி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, சுவர்க்காதின் முன்னால் முழங்காலிட்டு, கண்ணை மூடி ஜெபமாலை சொல்வாள். வீட்டில் ஆள் இருப்பதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவருக்காக வேண்டிக்கொண்டதாகவும் ஆயிற்று. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற கிணறு வற்றும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று ஜெபமாலை முடிந்து அவள் வெளியே வந்தபோது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது.

குணமானோர் வண்டிக்கு நகராட்சி இருபுறமும் வாழைக்கன்று கட்டி, ஒலிபெருக்கியில் மங்கல இசை போட்டு அனுப்பும். கல்யாண வீட்டு வண்டிபோல அது நுழைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம் தோன்றி வெளிறியது. ஜெனோவா ஓடிப்போய் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி அவள் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. மெதுவாகக் கடந்து போய்க் கடைசி வீட்டின் முன் நின்றது.

இறங்கியவள் வார்டு உறுப்பினர் சண்முகவடிவு. கையில் சால்வையும் ஒரு லட்டுப் பெட்டியும் இருந்தன. பின்னிருக்கையில் ஒரு உப்பளத் தொழிலாளி முகமூடிக் குழாயோடு சாய்ந்து கிடந்தான். இளவயது. அவன் மனைவி பாத்திர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வீடு இதுதானா என்று எட்டிப் பார்த்தாள்.

"வாழ்த்துகள் அண்ணாச்சி. பூரண குணம்னு வந்திருக்கு" என்றாள் சண்முகவடிவு, தெருவில் நடந்து வந்துகொண்டிருந்த தொம்மையிடம்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் குலுங்கிய குலுங்கலில் வார்டு உறுப்பினரின் கையிலிருந்த சால்வை தாழ்ந்தது.

"இதுவா குணம்?" என்று அவளே கேட்டாள்.

"யந்திரம் சொன்னா சரியாத்தான் இருக்கும் கவுன்சிலரம்மா."

"வெளையாடாதிய. உங்க வீட்டுல மாசம் பூரா குதிர மாதிரி ஒரு மூச்சு பதிவாயிருக்கு. அது யாரோடது?"

ஜெனோவா அமலியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். தன் கையாலேயே பெருக்கி, தன் வாயாலேயே ஜெபித்து, அந்த மனிதரை வீட்டைவிட்டு வெளியேற்றியிருக்கிறாள். அவளுடைய ஆரோக்கியமான மூச்சு அவர் பெயரில் ஏறியிருக்கிறது. தெருவில் நின்ற எல்லோருக்கும் அது அந்தக் கணத்திலேயே புரிந்தது. அடுத்த வீட்டு ரீத்தாள் ஜெனோவாவைப் பார்த்தாள், உடனே தரையைப் பார்த்தாள். ஒரு வாய் திறந்தால் போதும், எல்லா வீட்டுச் சிவப்பு விளக்கும் பல்லிளித்துவிடும்.

"என் மூச்சுதான்" என்றார் தொம்மை. "காலையில தெளிவா இருக்கும். வெயில் ஏறுனா கட்டும்."

"அண்ணாச்சி, எனக்குக் காது கேக்காம இல்ல. ஆனா என் காதுக்கு ஓட்டு கிடையாது. நேருல இருமிக் காட்டுனா செல்லாது, மாசக் கணக்குதான் செல்லும். அந்த மூச்சுக்குச் சொந்தக்காரங்க முன்வந்து ஒப்புதல் மூச்சு கொடுத்தா மட்டும் திருத்தலாம். இல்லன்னா நான் உங்கள ஏத்தித்தான் ஆகணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்க நீங்க இந்தக் கோடைய தாண்ட மாட்டிய."

"தாண்டி எங்க போகப் போறேன்? போடுங்க சால்வைய."

ஜெனோவா வாயைத் திறக்கவில்லை. சொல்லத்தான் வேண்டும், இருந்தாலும் சொல்லவில்லை. கணவன் கப்பலில் இருக்கிறான், பிள்ளைக்குத் தான் ஒருத்திதான், அவருக்கோ வயதாகிவிட்டது என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. சால்வை அவர் தோளில் விழுந்தது. யாரோ பழக்கத்தில் கை தட்டினார்கள். தொம்மை லட்டுப் பெட்டியை அமலியின் கையில் கொடுத்து, அவள் தலையைத் தடவிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

முதல் படியில் ஏறினார். இரண்டாவது படிக்குக் கால் எழும்பவில்லை. கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தமே வரவில்லை. உள்ளே முகமூடியோடு கிடந்தவன் கையை நீட்டி அவரைப் பிடிக்கப் பார்த்தான். சாகக் கிடக்கிற ஒருவனுக்கு இன்னொருவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஆரோக்கியமாக நின்ற தெருவில் ஒருவரும் அசையவில்லை.

"அது என் மூச்சு" என்றாள் ஜெனோவா.

"ஏட்டி, வாய மூடு!" தொம்மைக்கு எங்கிருந்தோ குரல் திரும்பியது. "உனக்குப் பிள்ள இருக்கு."

"இருக்குண்ணே. அவ முன்னால நின்னுக்கிட்டு உங்கள அனுப்ப முடியல."

அவள் யாரையும் பார்க்காமல் அவர் வீட்டுக்குள் போய், முழங்காலிட்டுப் பழகிய இடத்தில் நின்று, சுவர்க்காதில் ஒப்புதல் சொல்லி மூச்சு விட்டாள். விளக்கு பச்சையானது, மூச்சு பொருந்தியது. பின்னாலேயே வந்த சண்முகவடிவு அதைக் குறித்துக்கொண்டாள்.

"அப்ப காலையில உன் வீட்டுல மூச்சு விட்டது யாரு?"

"உங்களுக்கே தெரியுதுல்லா."

"பிள்ள?"

"தேறிட்டா. ரொம்ப நாளாச்சு." மற்ற வீடுகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு பொறுக்க முடியாமல் கேட்டாள். "குணமாக்கத்தான வீடு கொடுத்திய? குணமானதுக்கு எதுக்குத் தண்டன கொடுக்கிய?"

"தண்டன இல்லம்மா. வண்டியில கிடக்கானே, அவன நான் எங்க படுக்க வைக்க? என் தம்பி வெயில் வரிசையிலதான் செத்தான், வீடு காலியாகும்னு காத்துக்கிட்டே. அன்னைக்கு இங்க எத்தனை பேரு நல்லா இருந்துக்கிட்டு இருமுனாங்களோ."

ஜெனோவா வாசல் வழியே வண்டியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வீடு கட்டக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"கூட்டத்துக்குக் கூட்டம் கேக்கேன். இருக்கத வச்சு யந்திரம் நல்லாப் பங்கு பிரிக்குதே, பெறவு எதுக்குன்னு அங்க கேக்காவ."

அரை மணி நேரத்தில் எல்லாம் மாறிவிட்டது. உப்பளத்துக்காரனை ஜெனோவாவின் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவன் மனைவி குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் வருவதைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். தொம்மை தன் வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சால்வையை அவர் தோளிலிருந்து எடுத்து மடிப்பு நீவி, சண்முகவடிவு அமலிக்குப் போர்த்தினாள். விதி அது. குணமானவரை வாழ்த்தாமல் அனுப்பக் கூடாது.

தெரு கை தட்டியது. நாளைக் காலை யார் வந்து இருமப் போகிறார்கள் என்ற கவலையோடு தட்டியது.

அமலிக்கு ஒரே பெருமை. சால்வை முனை தரையில் புரள, ஏதோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டவள்போல நின்றாள்.

"அம்மா, நான் நல்லாயிட்டேனா?"

ஒரு தாய் எத்தனையோ ராத்திரி விழித்துக் கேட்டு அழுத வரம் அது. ஜெனோவா புரண்ட சால்வை முனையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். "ஏறு மக்கா" என்றாள்.

வெயில் வரிசையில் வீட்டுக்கு வீடு சுவர்க்காது கிடையாது. தெருவுக்கு ஒன்று, குழாயடிக் கம்பத்தில். அது எந்நேரமும் திறந்திருக்கும், அதில் சிவப்பு விழுந்தால்தான் குளிர்மனையில் இடம் கேட்கலாம். மருந்து வண்டி வராது. பள்ளிக்கூடம் காலையில் மட்டும் நடக்கும், பிறகு தகரம் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஜெனோவா கோணியை நனைத்து நனைத்துக் கூரையில் போட்டாள். போட்ட கை இறங்குவதற்குள் அது காய்ந்தது. பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் சில நாட்கள் ஒன்றும் இருக்கக் கூடாது என்று கேட்டாள். பிறகு எதற்காகக் கேட்கிறோம் என்பது அவளுக்கே குழம்பிப் போயிற்று.

ஒரு மத்தியானம் அமலி விளையாட்டை விட்டுவிட்டு வந்து அவள் மடியில் சாய்ந்தாள்.

"அம்மா, இழுக்குதும்மா."

ஜெனோவா காதை வைத்தாள். கீச்சென்று மெல்லிய ஒலி. அவளுக்குள் முதலில் எழுந்தது பயம் இல்லை, சந்தோஷம். பெற்ற வயிறு இப்படியும் நினைக்குமா என்று திடுக்கிட்டாள். ஆனால் அந்தச் சந்தோஷம் போகவில்லை.

இன்ஹேலர் மாடத்தில் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் இழுப்பு அடங்கிவிடும். எடுத்தாள். பிள்ளை வாயைத் திறந்து காட்டியது. ஜெனோவா அதைக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு குழாயடிக்கு ஓடினாள். ஓட ஓட அமலியின் மூச்சு இன்னும் இறுகியது. கம்பத்தின் முன்னால் மகளின் முகத்தைப் பிடித்துச் சல்லடையோடு சேர்த்து வைத்தாள். விளக்கு மஞ்சளில் நின்று தயங்கியது.

"மருந்து தாம்மா" என்றாள் அமலி.

"தாரேன் தாயி, தாரேன்" என்று ஜெனோவா அழுதாள். "கொஞ்சம் பொறு. இன்னும் நல்லா இழு மக்கா. இன்னும் சத்தமா."